அந்த நாலு போல்ட்டையும் முறுக்கியது நான்தான்

தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நீ ஓசூரில் சௌக்கியமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. உங்கள் சைக்கிள் குழுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். சத்துமாவு ஆர்டர் எடுப்பதற்காக என்னை அந்தக் குழுவில் நீதான் சேர்த்துவிட்டாய். இதுவரை மாவு விலையைத் தவிர நான் அங்கே ஒன்றும் எழுதியதில்லை. போனில் இவ்வளவு நீளத்துக்குத் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. உன் கூட்டாளி சாகுலை நீ குற்றம் சொன்னது இந்தக் குழுவில்தான். அதனால் நான் சொல்லவேண்டியதையும் இங்கேதான் சொல்லவேண்டும்.

சுற்றி வளைக்க மாட்டேன். பந்தயத்தில் உன் சைக்கிளின் ஹேண்டில்பார் ஒடிந்ததற்குச் சாகுல் காரணம் இல்லை. நான் காரணம். பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், நம் மாவு மில்லை அடைக்கும்போது, அந்த நாலு போல்ட்டையும் முறுக்கியது நான்தான். இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், நீ இரக்கப்பட்டு விட்டுவிடுவாய். உன் இரக்கத்துக்காக இதை எழுதவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சைக்கிளைக் கட்டியது நம் மில்லில், மிளகாய் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில். ஆரப்பாளையத்தில் முழு சைக்கிளாகவே விற்கிறானே, நீ ஏன் ஒவ்வொரு எலும்பாக வாங்கிச் சேர்க்கிறாய் என்று கேட்டேன். கடையில் விற்பது கனம், பாறையிலும் மேட்டிலும் ஏறும்போது காலை வாங்கிவிடும், பந்தயத்துக்கு என்றால் ஒவ்வொரு சாமானையும் எடை பார்த்துத்தான் சேர்க்கவேண்டும் என்று நீ பாடம் நடத்தினாய். கூரியரில் ஒரு பெட்டி வரும். இரண்டு பேரும் அதைப் பிரித்து, நான் மாவு நிறுக்கிற தராசில் வைத்து, பிள்ளை பெற்ற வீட்டில் எடை பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பீர்கள். அரைக்க வந்த பெண்கள் தூக்குவாளியோடு காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நீ பழைய இரும்பு போல்ட்டுகளை எடுத்துவிட்டு டைட்டானியம் போல்ட்டு போடவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாய். அதனால் எவ்வளவு எடை குறையும் என்று கேட்டேன். நீ சொல்வதற்குள் சாகுல் முந்திக்கொண்டான். "இவன் காலையில ஒரு இட்லி கம்மியாத் தின்னா அம்புட்டு எடை கொறஞ்சிரும்மா. டைட்டானியமாவது மண்ணாவது." நீ அவனை மிளகாய்ச் சாக்கால் அடித்தாய். மில் முழுக்கத் தும்மல்.

அந்தச் சைக்கிளில் ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல்கூட இல்லை. "இதுல என்னதான்டா இருக்கு?" என்றேன். "அதாம்மா விசயமே. ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாய். டயருக்குள் டியூபைப் போடாமல் வெள்ளையாக எதையோ ஊற்றினீர்கள். பாலை ஊற்றுகிறீர்கள் என்று நினைத்து நான் சத்தம் போட, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கருவேல முள் குத்தினால் அது தானாகவே ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். நான்கூட ஆளில்லாத நேரத்தில் டயரில் ஒரு ஊசியைக் குத்திப் பார்த்தேன். அடைத்துக்கொண்டது. அதைக்கூட உன்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

கடைசியாக வந்தது ஹேண்டில்பார். கார்பன் என்றாய். கையில் வாங்கிப் பார்த்தேன், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி கனமே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டா என் பிள்ளை பாறையில் இறங்கப்போகிறான் என்று அப்போதே நினைத்தேன். சாகுல்தான் அதை மாட்டினான். அதற்கென்று ஒரு ரெஞ்சு வைத்திருந்தான். வேண்டிய அளவு முறுக்கியதும் அது 'டக்' என்று சொல்லும், அதோடு கையை எடுத்துவிடவேண்டும். நாலு போல்ட்டுக்கும் நாலு 'டக்'. "இம்புட்டுத்தானா? போதுமாடா?" என்றேன். "போதும்மா. இரும்பு மாதிரி இல்ல. இதுக்கு மேல முறுக்குனா உள்ள நொறுங்கிரும். வெளிய தெரியாது" என்றான். அவன் சொன்னது என் காதில் விழுந்தது தம்பி. விழவில்லை, புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். விழுந்தது, நம்பவில்லை. நேற்று முளைத்த பயல்கள் எனக்கு போல்ட்டைப் பற்றிச் சொல்கிறார்களாக்கும் என்று இருந்தது.

எனக்கு அந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. உன் அப்பா போய்ச் சேர்ந்தபோது நீ ஐந்தாவது படித்தாய். மில்லை விற்றுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் வீம்புக்கு எடுத்து நடத்தினேன். முதல் மாதமே மாவு மிஷினில் ஒரு போல்ட்டு ஆடி ஆடிக் கழன்று, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் பட்டுத் தெறித்தது. நீ சாக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். உன் காதுக்குப் பக்கத்தில் சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. நீ நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாய். அன்றையிலிருந்து கடை அடைக்கும்முன் எல்லா மிஷினையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். கை வலு போதாது என்று ஸ்பேனரில் ஒரு பைப்பை மாட்டிக்கொள்வேன். வீட்டிலும் அதே கதைதான். குழாய், கேஸ் ரெகுலேட்டர், ஊறுகாய் ஜாடி மூடி எல்லாவற்றையும் நான் மூடினால் நீதான் வந்து திறக்கவேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. நீயும் சாகுலும் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். நான் மிளகாய் மிஷினை முடித்தேன். அடுத்து நின்றது உன் சைக்கிள். மிஷினை ஆட்டிப் பார்ப்பதுபோல் அதன் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. அதோடு போயிருக்கலாம். உங்கள் பையிலிருந்து போல்ட்டு முறுக்குகிற ஆலன் கீயை எடுத்தேன், பைப்பை மாட்டினேன், நாலையும் ஒரு பிடி பிடித்தேன். மூன்றாவதோ நாலாவதோ முறுக்கும்போது 'கிரிச்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்பாடா, இப்போதுதான் இறுகியது என்று எனக்குத் திருப்தி. கருப்பசாமியைக் கும்பிட்டு, ஹேண்டிலில் துளி திருநீறும் பூசினேன். நீங்கள் திரும்பி வந்தபோது மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள் என்பதற்காகத்தான் சொல்லவில்லை. அம்புட்டுத்தான் காரணம்.

பந்தயம் சமயநல்லூர் தாண்டி, காய்ந்துகிடந்த கண்மாயைச் சுற்றி. நீங்கள் விடிவதற்கு முன்னே கிளம்பிவிட்டீர்கள், நான் புளியோதரையைக் கட்டிக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வந்தேன். கரையில் கூட்டத்தோடு நின்றேன். முதல் மூன்று பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். எனக்குச் சைக்கிள் பந்தயம் ஒரு இழவும் தெரியாது, ஆனால் அந்த மேட்டில் மற்றவர்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது நீ உட்கார்ந்தபடியே ஏறியதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவரிடம் "எம் மகன்" என்றேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நீ பாறைச் சரிவில் இறங்கினாய். ஹேண்டிலில் ஒரு பக்கம் உன் கையோடு தனியாக வந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு புழுதிதான் தெரிந்தது.

காரை எலும்பு உடைந்தது. அது கூடிவிட்டது. அணியில் இடம் போனது. அது திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒடிந்த ஹேண்டில்பாரைச் சாகுல் கையிலேயே வைத்திருந்தான். யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், பிடித்த இடத்திலேயே நொறுங்கியிருக்கிறது என்று குழுவிலிருந்து வந்திருந்த ஒருவர் பார்த்துச் சொன்னார். அந்த நொடியில் எனக்கு அந்தக் 'கிரிச்' சத்தம் கேட்டது. கையில் ஃபிளாஸ்கோடு நின்றேன். நீ அவனைக் கேட்டாய்.

"நீதானடா மாட்டுன?"

"ஆமா மாப்ள."

"காலையில செக் பண்ணுனியா இல்லையா?"

"பண்ணுனேன்." கையிலிருந்த ஹேண்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "என் தப்புதான்டா" என்றான்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவன் என்னைப் பார்த்தான். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் காபி ஊற்றினேன். அன்றைக்கு மத்தியானம் நீ ஒடிந்த ஹேண்டிலின் படத்தை இந்தக் குழுவில் போட்டு, இவனை நம்பி இனி யாரும் சைக்கிளைக் கொடுக்காதீர்கள் என்று எழுதினாய். நானும் படித்தேன். உன்னைப் பார்க்க வந்த பெரியம்மா, "அவுங்க ஆளுகளோட உனக்கு என்னடா சாவகாசம்?" என்றாள். சின்ன வயதிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்ட பையனைப் பற்றி. வாயை மூடு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், அடுத்த வாரம் யாரோ விசாரித்தபோது, "கூட்டாளி சரியில்லை" என்று என் வாயாலேயே சொன்னேன். போல்ட்டை முறுக்கியதாவது அறியாமை என்று வைத்துக்கொள். இது அறிந்து செய்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம் என்றால் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் வலது கை கட்டுக்குள் இருந்ததால் நான் உனக்குச் சோறு ஊட்டினேன். மீசை வைத்த பிள்ளை, சின்னப் பையனாக வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாய். முன்னெல்லாம் சாயங்காலமானால் சைக்கிளோடு பறந்துவிடுவாய், அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்தாய், என்னோடு பேசினாய். நான் சொன்னால் அது போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், கட்டுப் பிரித்ததும் சொல்லலாம், பெண் பார்த்து முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கல்யாணமும் நிச்சயமாகி, நீ ஓசூருக்கு வேலை மாறியும் போய்விட்டாய்.

போன வாரம் உன் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸின் மாதிரிப் படத்தை இந்தக் குழுவில் போட்டிருந்தார்கள். நடுவில் நீயும் மருமகளும். கீழே வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்ட கூட்டாளிகள் முகங்கள். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருமுறை டீக்கடையில் பார்த்த பையன்கூட இருக்கிறான். சாகுல் இல்லை. உனக்குப் போன் போட்டு, அவனுக்குப் பத்திரிகை வைக்கவேண்டாமா என்றேன். "அவனப் பத்திப் பேசாதம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்கு மேல் என்னால் மில்லில் நிற்க முடியவில்லை. அரைத்துக்கொண்டிருந்த மாவைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கீழமாசி வீதியில் இருக்கிற அவன் அத்தாவின் பாத்திரக் கடைக்குப் போனேன்.

சாகுல் கல்லாவில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "வாங்கம்மா. கல்யாணச் சீர்ப் பாத்திரமா?" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே, "ஹேண்டிலை முறுக்குனது நான்டா" என்றேன். பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், வந்தது அவ்வளவுதான்.

"தெரியும்மா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான். ரெஞ்சால் முறுக்கி முடித்ததும் போல்ட்டுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுவானாம். யாராவது திருகினால் கோடு உடைந்து விலகித் தெரியும். "காலையில இருட்டுல ரெஞ்ச மட்டும் வச்சுப் பாத்தேன். டக்குன்னு சொல்லிருச்சு. லூசா இருந்தாத்தான் அது காட்டிக்குடுக்கும், ஓவரா முறுக்கியிருந்தாச் சொல்லாது. கோட்டப் பாக்காம விட்டது என் தப்புத்தான், அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அவன் விழுந்தப்பறம் பாக்கிறேன், நாலு கோடும் ஒண்ணு போல வெலகியிருக்கு. அவங்கிட்டச் சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திட்டேன். எங்க பயலுக எவனும் நாலையும் அப்பிடி ஒரே அளவா முறுக்க மாட்டாய்ங்கம்மா. உங்க மில்லுல நீங்க முறுக்குறத எத்தன வருசமாப் பாக்குறேன்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"ஆஸ்பத்திரில உங்களப் பாத்தேன். என் மொகத்தப் பாக்காம காபி ஊத்துனீங்க. நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்." தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் சொல்லியிருந்தா, அம்மா மேல பழி போடுறேன்னு அவன் என்னைய அடிச்சிருப்பான். நம்பியிருந்தா அதவிட மோசம். அவனுக்கு வீட்டுல வேற யாரு இருக்கா?"

"எம்மேல கோவம் இல்லையாய்யா?"

"இல்லாமயா? அந்தப் பக்கம் வாரதையே விட்டுட்டேன்ல. எங்கம்மா உங்க மில்லுல அரைக்கச் சொன்னாக்கூட வேற எடத்துல அரைச்சுட்டுப் போறேன். டெய்லி நெனப்பேன், இன்னைக்கு வந்து சொல்லுவாங்கன்னு. அப்பறம் நெனைக்கிறதயும் விட்டுட்டேன்."

அவன் அழவில்லை. நான்தான் கடையில் நின்று அழுதேன். பாத்திரம் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவன் தண்ணீர் கொடுத்தான். கிளம்பும்போது ஒன்று கேட்டான். "கல்யாணம் முடியட்டும்மா. அதுக்குப் பெறகு சொல்லிக்கங்க. நல்ல காரியத்துல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்ட வேணாம்." சரி என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் எழுதுகிற கடிதம் என்றால் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். போல்ட்டை வைத்துக் குடும்பத்துக்கு ஒரு பாடம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவாய். உன் பெண்டாட்டி போல்ட்டு அல்ல, அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு ஹேண்டில்பார்தான். மறுநாள் அதில் ஒரு பையனின் பெயர் சேர்ந்தது, பிறகு அவன் வீடு, அவன் சாமி எல்லாம் சேர்ந்தது. நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் யாரோ ஏதோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்னொன்று, உன் வீட்டுக்கு நான் வந்து தங்கும்போது, எதையாவது நான் கேட்காமல் சரிசெய்தால் முகத்துக்கு நேராகவே கேள். "ஏம்மா தொட்ட?" என்று கேள். நான் கோபப்படுவேன். பரவாயில்லை, கேள்.

ஃபிளெக்ஸ்காரரிடம் நானே போய்ச் சாகுல் படத்தைச் சேர்க்கச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் புத்தி போனது. கிளம்பக்கூடச் செய்தேன். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டேன். அது நீ செய்யவேண்டிய வேலை. நீ செய்யாமல் விட்டாலும் நான் கைவைக்கப் போவதில்லை.

என் மேல் நீ எத்தனை நாள் கோபமாக இருந்தாலும் சரி. மணவறையில் என் முகத்தைப் பார்க்காமல் காலில் விழுந்து எழுந்தாலும் வாங்கிக்கொள்வேன். அணியில் உன் இடத்தை என்னால் திருப்பித் தரமுடியாது, அதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். சாகுலிடம் மட்டும் தள்ளிப்போடாதே. இதைப் படித்து முடித்ததும் முதல் போன் அவனுக்குப் போகட்டும். அவன் எடுக்கவில்லை என்றால் இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, நேராக அவன் கடைக்குப் போ. வீட்டுக்கு அப்புறம் வா.

குழுவில் இருக்கிற பிள்ளைகளே, அவனைப் பற்றி இங்கே எழுதியதை எல்லாம் நீங்கள் இங்கேயே திருத்தவேண்டும். பெரியவள் சொல்கிறேன் என்று அல்ல, தப்புச் செய்தவள் கேட்கிறேன் என்று திருத்துங்கள்.

சாகுல், நீயும் இதைப் படிப்பாய். கல்யாணம் முடிகிறவரை சொல்லமாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். நான் செய்ததில் இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். போனில் திட்டாதே. என்னைத் திட்டுவதற்காகவாவது நம் வீட்டுப் படியேறி வா.

அம்மா